வீட்டில் கேட்டவர்

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. முதல் எழுத்தைக் கூட்டத் தொடங்கியிருக்கும் ஐந்து வயதுப் பொடிசு முதல், அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும் பல் போன தாத்தா வரை எல்லோருக்கும் அவள் டைரி அக்காதான். ஒருநாள் எழுபதைத் தாண்டிய ஒருவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்று, "அக்கா, பேரனோட டைரியைக் காணோம்" என்றார். "நல்லாத் தேடிப் பாருப்பா தம்பி" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு புது டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பெயின்டும் குழாயும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் குர்ஆன் பள்ளி. நீளமான ஒரே கூடம். நடுவே பச்சைத் திரை; அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் பெண்பிள்ளைகள். மாலை நான்கு மணிக்கு அறுபது ஜோடிச் செருப்பு படிக்கட்டில் குவியும். ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது இரண்டு பேராவது செருப்பு மாறிப் போவார்கள். கீழேயிருந்து தின்னர் வாடை ஏறிவந்து சுவரிலேயே குடியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். பழகியவர்களுக்கு மூக்கு செத்துப்போய்விடும்.

ஓதிக்கொடுப்பது அவள் வேலை இல்லை. அதற்குப் பையன்களுக்கு ஒரு ஹஜ்ரத்தும், பெண்பிள்ளைகளுக்கு ஓர் உஸ்தாபியும் இருந்தார்கள். பள்ளியில் ஓதியது வீட்டுக்குத் தெரியவேண்டும், வீட்டில் ஓதியது பள்ளிக்குத் தெரியவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டைரி. நாளுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம். புதுப் பாடம், நேற்றைய பாடம், பழைய பாடம். நான்காவது கட்டத்தின் தலைப்பு 'வீட்டில் கேட்டவர்'. அம்மாவோ அத்தாவோ பிள்ளையை உட்காரவைத்து, ஓதச் சொல்லி, காதால் கேட்டுவிட்டு அதில் கையெழுத்துப் போடவேண்டும்.

"கேக்காம கையெழுத்துப் போடாதீங்க." இதை அவள் சொல்லாத நாள் இல்லை. பஸ் கண்டக்டர் ஒருவர் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வாரத்துக்கும் சேர்த்து டிக்கெட் கிழிக்கிற மாதிரிக் கையெழுத்துகளைப் போட்டுத் தள்ளிவிடுவார். பள்ளி விடுமுறையான வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்துப் போட்டதில் மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை யாருங்க ஓதினது? நானா?" என்று படிக்கட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டாள். மனிதர் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். ஆனால் மகனை உட்காரவைத்துக் கேட்டார்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. அதற்கு அவள் கொடுத்த விலை அவளுடைய ஒரே மகன்.

சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள் அவள். காலரில் ஒரு நூல் பிசிறு இருந்தாலும் சீட்டில் இன்ஷியல் போடமாட்டாள். சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. வீட்டுக்கு வந்தால் கதை வேறு. புருஷன் இறந்த பிறகு சமையல், துணி, தண்ணீர் எல்லாம் ஒற்றை ஆள். மகன் குர்ஆன் பள்ளிப் புத்தகத்தோடு வந்து, "அம்மா, கேளுங்கம்மா" என்று நிற்பான். "ஓதிட்டல்ல? கொண்டா" என்று அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். எட்டு மாதம். பிறகு பரீட்சை நாளில் பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருந்த சபையில் அவன் பக்கத்தைத் திறந்து ஓதச் சொன்னார்கள். பையனுக்கு ஒரு வரிகூட வரவில்லை. "தினமும் உங்க கையெழுத்து இருக்கேம்மா" என்றார் பரீட்சை வைத்தவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மகன் திரும்பி அவளைப் பார்த்தான். பிள்ளை பயந்து பார்த்த பார்வை இல்லை அது. நீங்கள் கேட்கவே இல்லையே என்ற பார்வை. அன்றோடு ஓதுவதை நிறுத்தினான், இரண்டு வருஷத்தில் படிப்பை நிறுத்தினான், இப்போது எங்கோ தூரத்து ஊரில் கிடங்கில் வேலை. மாதம் ஒருமுறை போன் செய்து உடம்பு எப்படி என்று கேட்பான். பதிலைக் கேட்கிறானா என்பது அவளுக்கு எப்போதும் சந்தேகம்.

கம்பெனி மூடிய பிறகு இந்தப் பள்ளியில் பெருக்கவும், வருகைப் பதிவு எடுக்கவும் வந்தவள், தானே டைரியைக் கொண்டுவந்தாள். ஓதத் தெரியாத பெற்றோருக்கும் வழி கண்டுபிடித்தாள். "பக்கத்தைத் திறந்து வச்சுக்குங்க. சின்ன வட்டம் இருக்கா? அங்கதான் பிள்ளை மூச்சு விடணும். வட்டத்துக்கு வட்டம் விரலை நகர்த்துங்க. விரலுக்கும் மூச்சுக்கும் ஒத்துப்போகலைன்னா எங்கேயோ இடிக்குதுன்னு அர்த்தம்." இப்படி அரபு எழுத்தே தெரியாத இருபது அம்மாக்களைத் தேர்ந்த பரிசோதகர்களாக்கிவிட்டாள். அவளைப் பார்த்து உஸ்தாபியே சிரிப்பாள். "என்னையவிட உங்களுக்குத்தான்கா பிள்ளைங்க பயப்படுதுங்க."

பாலிஷ்காரருக்கு அந்த வழியும் ஒத்துவரவில்லை. அவர் படுக்கையில் இருந்தார்.

தரைக்கல்லுக்குப் பாலிஷ் போடும் வேலை. இருபத்திரண்டு வருஷம் மெஷினைப் பிடித்துக்கொண்டு கல்தூசிக்குள் நின்றவர். அடுத்தவர் வீட்டுத் தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளத்தது. அவர் நெஞ்சுக்குள் தூசி படிந்து இறுகிவிட்டது. நாற்பத்தொரு வயதில் நெஞ்சு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். மனைவிக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் மத்தியானம் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை. அவள் காலையில் வந்து புருஷனைப் பார்த்துவிட்டுப் போவாள். ஒன்பது வயது மகள் ஒருத்தி இந்தப் பள்ளியில் ஓதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்த வார்டுக்குள் அனுமதி கிடையாது. போனில் பேசவைத்துப் பார்த்தார்கள். "அத்தா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதைக் கேட்டு அவரும் அழ, மூச்சு முட்டி நர்சுகள் ஓடிவரும்படி ஆகிவிட்டது. இனிமேல் போன் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டைரி அக்கா வீட்டுக்குப் போகும் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். மாலைப் பார்வையாளர் நேரம் ஆறிலிருந்து ஏழரை. அந்தப் பிள்ளையின் டைரியில் நான்காவது கட்டம் காலியாகக் கிடப்பது அவளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் பிள்ளை ஓதியதைத் தன் போனில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு, டைரியையும் பையில் போட்டுக்கொண்டு, வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே நின்றாள்.

"தம்பி, இது உங்க பொண்ணு. கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும். கேக்காம போடக்கூடாது."

"எனக்கு எழுதத் தெரியாதேக்கா."

"ஒரு கோடு போடுங்க, போதும்."

அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பென்சிலை வாங்கிக் கட்டத்துக்குள் நடுங்கும் ஒரு கோடு போட்டார். அன்றிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது.

அப்போது மகளுக்கு ரஹ்மான் சூரா என்ற அத்தியாயத்தை மனப்பாடமாக்கக் கொடுத்திருந்தார்கள். "அதை அவ முழுசா ஓதிக் கேக்கணும்க்கா. அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுறக் கூடாது" என்றார் பாலிஷ்காரர். அந்த சூராவில் ஒரே வசனம் முப்பத்தொரு தடவை திரும்பத் திரும்ப வரும். டைரி அக்காவுக்கு யோசனை ஓடியது. மறுநாள் முப்பத்துமூன்று மணி கோர்த்த தஸ்பீஹ் ஒன்றைக் கொண்டுவந்தாள். முப்பத்தோராவது மணியை அடுத்து ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருந்தாள்.

"அந்த வசனம் வர்றப்ப எல்லாம் ஒரு மணியைத் தள்ளுங்க. சிவப்பு நூல் வந்துட்டா உங்க பொண்ணு முழுசா ஓதிட்டான்னு அர்த்தம். நீங்களே கண்டுபிடிச்சுடலாம்."

ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே தோன்றியது. மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு என்று பாடம் வளர வளர, மணிகள் சிவப்பு நூலை நோக்கி நகர்ந்தன. அவர் எண்ணியதை அவள் டைரியில் எழுதுவாள், அவர் கோடு போடுவார். மறுநாள் மகள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "எத்தனைக்கா?" என்று கேட்பாள். அத்தாவும் மகளும் இந்த ஒற்றை எண்ணால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்கு ஒரு பழக்கம். பத்தாவது தடவை அந்த வசனத்தைச் சொல்லி முடித்ததும் மூக்கை ஒருமுறை உறிஞ்சுவாள். ஒன்பதிலேயோ பதினொன்றிலேயோ வராது, சரியாகப் பத்தில் வரும். உஸ்தாபி கைக்குட்டை கொடுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், போகவில்லை. பாலிஷ்காரருக்கு அதில் ஒரே பெருமை. "மணியே வேணாம்க்கா. மூக்கு சத்தம் வந்தா பத்து" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமினால் ஐந்து நிமிஷம் போய்விடும்.

டைரி அக்காவின் போன் பழசு, இடம் பற்றாது. அவர் கேட்டு முடித்ததும் அன்றைய பதிவை அழித்துவிடுவாள். மறுநாளைக்குத்தான் புதிது வருமே.

ஆறு வாரத்தில் சூரா முழுவதும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் முப்பத்தொன்று வரவில்லை. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் பாடமாக்குகிறவர்கள் எல்லோரும் இடறுகிற இடறல்தான் அது. ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். நடுவில் இரண்டு மூன்று வசனம் காணாமல் போய்விடும். ஒருநாள் இருபத்தேழு. மறுநாள் இருபத்தொன்பது. அதற்கடுத்த நாள் இருபத்தாறு. எண் இறங்கியதைக் கேட்டதும் பிள்ளையின் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் அடுத்த நாள் இன்னும் இறங்கும்.

"அவளைப் போட்டு அழுத்தாதீங்கக்கா. தானா வரும்" என்றாள் உஸ்தாபி.

"தானா வர்றதுக்கு நாள் வேணுமே" என்றாள் டைரி அக்கா.

நாள் இல்லை என்பது ஒரு புதன்கிழமை தெரிந்தது. பாலிஷ்காரரின் மனைவி வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்தாள். கூடம் காலியாக இருந்தது, டைரி அக்கா பாயை உதறிக்கொண்டிருந்தாள். சலவை நிலையத்து நீலச் சீருடையோடு அவள் வாசலிலேயே நின்றாள்.

"டாக்டர் இன்னைக்குக் காலைல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு நாளோ மூணு நாளோன்னு. லீவு கேட்டேன், நாளைக்கு மேலதான் தருவாங்களாம்."

டைரி அக்கா பாயைக் கீழே போட்டாள்.

"எப்படியாவது அவரை முழுசாக் கேக்க வச்சிருங்கக்கா. வேற எதுவும் ஆசைப்பட்டதில்ல அந்த மனுஷன்."

"நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள் டைரி அக்கா. சொல்லியிருக்கக் கூடாது.

அன்று மாலை பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். போனை மடியில் வைத்தாள். "இன்னைக்கு நல்லா ஓதணும் தங்கம். நிதானமா. முப்பத்தொண்ணு வரணும்." அந்தக் குரலிலேயே ஏதோ இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மூக்கு மட்டுமா, எல்லாமே கூர்மை. பத்து வரை வந்தாள், மூக்கை உறிஞ்சினாள், பதினாறில் தாவினாள், பிடித்துக்கொண்டாள், மறுபடி தாவினாள். கடைசி வரை ஓதி முடித்தபோது டைரி அக்காவின் விரலில் இருபத்துநான்கு. எல்லாவற்றிலும் குறைச்சல்.

"இன்னொரு தடவை ஓது."

பிள்ளை நாலாவதிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சரி, விடு. இன்னைக்கு நீ ஓத வேணாம். போய் உக்காரு."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். டைரி அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு வரிசை தள்ளி பேக்கரிக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓதுகிற பிள்ளை, போன வருஷமே அந்த சூராவை முடித்துவிட்டாள். ஒரே உஸ்தாபியிடம் ஓதுகிற பிள்ளைகளுக்கு ஒரே ராகம், ஒரே இழுப்பு. திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டால் யார் யார் என்று ஹஜ்ரத்துக்கே தெரியாது. ஆக்ஸிஜன் இரைச்சலில், காய்ச்சலில், இந்த ஓட்டைப் போனில் என்ன தெரியப்போகிறது?

அவளை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போனில் இடமில்லை என்று வந்தது. இருபத்துநான்கை அழித்தாள். பேக்கரிக்காரர் மகள் ஒரு பிசிறில்லாமல் ஓதி முடித்தாள். முப்பத்தொன்று. எதற்கு என்று அந்தப் பிள்ளை கேட்கவும் இல்லை.

பஸ்ஸில் போகும்போது டைரி அக்கா தனக்குத்தானே வக்கீலாகிவிட்டாள். சாகப்போகிற மனுஷன். ஒரு ஆசை. யாருக்கு நஷ்டம்? பதினேழு வருஷம் ஒரு பிசிறைக்கூட விடாதவள், எட்டு மாதம் கேட்காமல் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு மகனையே பறிகொடுத்தவள், தான் செய்யப்போவதும் அதே காரியம்தான் என்பதை மட்டும் அந்த முக்கால் மணி நேரத்தில் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கத்தான் அத்தனை வக்கீல்தனமும்.

வார்டில் பாலிஷ்காரர் பாதியாகிக் கிடந்தார். மூக்குக் குழாய் போய் முகத்தில் மாஸ்க் வந்திருந்தது. இவளைப் பார்த்ததும் கை தானாகத் தலையணைக்கு அடியில் போய் தஸ்பீஹை எடுத்தது. அவள் போனை அவர் காதருகே தலையணையில் வைத்தாள்.

"தம்பி, இன்னைக்கு நல்லாக் கேளுங்க."

ஓதல் தொடங்கியது. கட்டை விரல் முதல் மணியைத் தள்ளியது. இரண்டு. மூன்று. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. ஆறு. ஏழு. முகத்தில் ஒரு தெளிவு வந்தது, டைரி அக்காவின் நெஞ்சு நிறைந்தது. செய்தது சரிதான் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள். ஒன்பது. பத்து.

பத்தாவது மணியைத் தள்ளிவிட்டு விரல் காத்திருந்தது.

பதினொன்று வந்தது. விரல் நகரவில்லை. பன்னிரண்டு வந்தது, பதிமூன்று வந்தது. அசந்துவிட்டாரோ என்று அவள் குனிந்து பார்த்தாள். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்தபடி, மரியாதைக்கு உட்கார்ந்து கேட்கிற விருந்தாளி மாதிரி, கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். முப்பத்தொன்றும் முடிந்து போன் அமைதியானது. அவர் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் விலக்கினார்.

"நல்லா ஓதுது. இது யாரு பிள்ளைக்கா?"

பொய் சொல்ல வந்தவளுக்கு அடுத்த பொய் தயாராக இல்லை.

"பேக்கரிக்காரர் பொண்ணு" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். மூச்சு சேர்த்துக்கொள்ள நேரம் ஆனது. "எம்பொண்ணு ஓதலையா இன்னைக்கு? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்ல தம்பி, நல்லா இருக்கா. ஓதினா. குறைச்சலா வந்துச்சு... இருபத்துநாலு. நீங்க முழுசாக் கேக்கணும்னு சொன்னீங்கல்ல, அதான்..."

"முழுசான்னு சொன்னேன்தான்." மூச்சு. "அவ குரல்ல." மூச்சு. "இருபத்துநாலு போடுங்க."

அழித்துவிட்டதைச் சொன்னாள். நேற்றையதும் இல்லை, அதற்கு முந்தையதும் இல்லை, எதுவுமே இல்லை என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட மூச்சு வேண்டுமே. மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவள் பழக்கத்தில் டைரியையும் பென்சிலையும் எடுத்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் உறைத்தது. அவர் நான்காவது கட்டத்தைப் பார்த்தார், பென்சிலை வாங்காமல் கையை மெல்ல ஆட்டினார்.

"நாளைக்குக் கண்டிப்பாக் கொண்டுவரேன் தம்பி."

திரும்பும் பஸ்ஸில் முப்பத்தொன்றை அழித்தாள்.

மறுநாள் பிள்ளையிடம் எண்ணைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அத்தாவுக்கு ஓது, உனக்கு எப்படி வருதோ அப்படி" என்றாள். பிள்ளை ஓதினாள். பத்தில் மூக்கை உறிஞ்சினாள். இருபத்தொன்பது வந்தது. டைரி அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். வார்டில் கட்டிலைச் சுற்றி மறைப்பு இழுத்திருந்தார்கள். மனைவி வேலையை விட்டுவிட்டுக் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு நினைவு இல்லை, மத்தியானத்திலிருந்தே இல்லை. டைரி அக்கா போனைக் காதருகே வைத்துப் போட்டாள். தஸ்பீஹை விரல்களுக்குள் வைத்துப் பார்த்தாள், நழுவிவிட்டது. தானே எடுத்து மணி மணியாகத் தள்ளினாள். பத்தாவதில் மகளின் மூக்குச் சத்தம் அந்த வார்டு முழுவதும் கேட்டது போல அவளுக்கு இருந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இமை அசைந்திருந்தால் போதும், ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு பிழைத்துவிடுவாள். அசையவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

பதினெட்டு நாள் கழித்துப் பிள்ளை பள்ளிக்கு வந்தாள். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். நேரே டைரி அக்காவின் மேசைக்கு வந்து, தன் டைரியைக் கேட்டு வாங்கி, பக்கங்களைப் புரட்டிக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இருபத்தொன்பதுன்னு போட்டிருக்கு. கோடு இல்லியேக்கா."

"அத்தா அப்ப கண்ணு மூடியிருந்தாங்கம்மா. காதுக்கிட்ட வச்சு முழுசும் போட்டேன். கேட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. எண்ணினது நான்தான்."

பிள்ளை தலையை ஆட்டினாள். விரல் மேல்வரிக்கு ஏறியது. அந்தப் புதன்கிழமை. நான்கு கட்டமும் காலி.

"இது?"

அன்னைக்கு அத்தா தூங்கிட்டாங்க என்று சொன்னால் முடிந்தது. மறுத்துப் பேச யாரும் இல்லை. தெரிந்த ஒருவர் மண்ணுக்குள் இருந்தார். அவர் மனைவியிடம்கூட அவள் சொல்லவில்லை. டைரி அக்கா அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள். அடுப்படியில் நின்று கையெழுத்துப் போட்ட கை அவளுடையதுதான். அது இன்னொரு தடவை அதே வேலையைச் செய்யத் தயாராக இருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சொல்லிவிட்டாள். பேக்கரிக்காரர் மகளை ஓதவைத்தது, உன் குரல் என்று போட்டது, எல்லாவற்றையும்.

பிள்ளை அழவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

"அத்தா எத்தனை எண்ணினாங்க?"

"பத்து. அதுக்கப்புறம் மணியைத் தள்ளல. நீ இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டாங்க."

பிள்ளை யோசித்தாள். கணக்குப் போடுகிற முகம். குற்றம் சொல்கிற குரலே இல்லை அது, அதுதான் டைரி அக்காவால் தாங்க முடியவில்லை.

"அப்ப பத்து வரைக்கும் நான்னு நினைச்சுக் கேட்டிருக்காங்க." விரல் காலிக் கட்டத்திலேயே இருந்தது. "எனக்கு அன்னைக்கு இருபத்துநாலு வந்துச்சேக்கா. அதைக் கொண்டுபோயிருக்கலாம்ல?"

டைரி அக்கா வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். திரைக்கு அந்தப் பக்கம் பையன்கள் ஒரே குரலில் ஓதிக்கொண்டிருந்தார்கள். கீழே கடையில் யாரோ குழாய் அறுக்கும் சத்தம். கொஞ்சம் தெளிந்ததும் பேனாவை எடுத்தாள். அந்தக் காலி வரியில் '24 ஓதினாள்' என்று எழுதினாள். 'வீட்டில் கேட்டவர்' கட்டத்தில் இடம் சின்னது. எழுத்தைக் குறுக்கி, 'நான் கொண்டுபோகவில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மை காயும் வரை காத்திருந்து, டைரியை மூடி எடுத்துக்கொண்டு, உஸ்தாபியிடம் வேறு பாடம் வாங்கிக்கொள்ளப் போனாள்.